பட்டினி கிடந்த குழாய்

நான் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். என் போன் மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது. ஹவுஸ்கீப்பிங்கில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் யாராவது கூப்பிடாத வாரம் இல்லை. கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான். "மேடம், ரூம்ல செம்புக் குழாய் போட்டிருக்காங்க. கறுத்துப் போச்சு. இன்னா போட்டுத் தேய்க்கிறது?"

ஒன்றும் போடாதீர்கள் என்பேன். தயங்கித் தயங்கி, "எலுமிச்சம்பழமாவது?" என்பார்கள். ஒன்றும் போடாமல் இருப்பது இவர்களுக்கு வேலையாகவே தெரிவதில்லை. பயிற்சி வகுப்பில் கலர் கலராகப் பாட்டில்களைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பாட்டில் இருக்கிறதே, எதன் மேலாவது ஊற்றியாக வேண்டாமா?

அதனால் முதலில் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கதைக்குப் போகலாம். பூச்சு இல்லாத செம்புக் குழாயை ஈரத் துணியால் ஒரு முறை துடைத்து, காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைக்க வேண்டும். பிசுக்கு இருந்தால் சாதாரண சோப்பு போதும், அதையும் முழுக்கக் கழுவிவிட வேண்டும். நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி. சொட்டு நின்று காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும், திட்டின் ஓரத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆகவே ஈரம் நிற்க விடக் கூடாது. புளி, எலுமிச்சை, ஆசிட், பிளீச்சிங் பவுடர், பாத்திரம் தேய்க்கும் பச்சை நார், எதுவும் அதன் பக்கத்தில் வரக் கூடாது. நிறம் மாறும். மாறட்டும். மாறுவது பிடிக்காவிட்டால் கடையில் குரோம் பூசிய வெள்ளைக் குழாய் நிறையக் கிடைக்கிறது, அதை வாங்கி மாட்டிக்கொள்ளலாம்.

பஸ் டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதிவிடக்கூடிய பாடம் இது. இதைக்கூடச் செய்ய முடியாமல் பெரிய படிப்புப் படித்த மனிதர்கள் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்தேன். அதில் ஒரு பெண்ணின் பிழைப்பு போக இருந்தது. அந்தக் கதைதான் இது.

வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் பார்த்துவிட்டு, ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸுக்கு மேற்பார்வையாளராகப் போனேன். இரண்டாயிரம் பிறந்த புதிது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் என்பதால் எல்லோரும் என்னை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். நான் நர்ஸ் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். அட்மின் மேனேஜர் ஒருவருக்குத் தலைவலி மாத்திரை எடுத்துக் கொடுத்த நாளோடு அந்த முயற்சியை விட்டுவிட்டேன்.

அந்த மேனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்தக் கூட்டத்திலும் முதலில் தலையாட்டுவார், எந்தத் தப்பிலும் முதலில் விரல் நீட்டுவார். இந்த இரண்டு திறமைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலாளியின் மகன், சின்னவர் என்போம், தோல் கண்காட்சிக்கு வெளிநாடு போனவர் அங்கே ஒரு ஓட்டலில் செம்புக் குழாய்களைப் பார்த்து மயங்கிவிட்டார். தோல் வாங்க வெளிநாட்டிலிருந்து வரும் பையர்கள் தங்கும் பெரிய அறையின் பாத்ரூமுக்கு வாஷ் பேசின் குழாய், ஷவர், டவல் கம்பி எல்லாம் செம்பிலேயே வந்து இறங்கின. மாட்டி முடித்த அன்று சென்னையிலிருந்து வந்த டிசைனர் அம்மா எங்களை நிற்க வைத்து வகுப்பு எடுத்தார்.

"இதுக்கு மேல கோட்டிங் எதுவும் கிடையாது. காத்து பட்டு, தண்ணி பட்டு, கை பட்டு, தானா நிறம் மாறும். பாட்டினா வரும். அது வர்றதுக்கு நீங்க விடணும். அவ்வளவுதான்."

மேனேஜர் தலையாட்டினார். சின்னவரும் தலையாட்டினார். டிசைனர் அம்மா பிரியாணி சாப்பிட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

அந்த பாத்ரூமைக் கழுவித் துடைக்கும் பொறுப்பு செல்வியுடையது. குடியாத்தத்துப் பெண். கணவர் லுங்கித் தறி ஓட்டி ஓட்டி முதுகு போய் வீட்டோடு இருந்தார். கெஸ்ட் ஹவுஸின் பின்னால் ஒற்றை அறைக் குவார்ட்டர்ஸில் அவர்கள் இருவரும், பள்ளிக்கூடம் போகும் மகளும் இருந்தார்கள். வேலை போனால் அந்த அறையும் போய்விடும். அன்று டிசைனர் போன பிறகு செல்வி என்னிடம் வந்தாள்.

"மேடம், அந்தம்மா குழாய்க்குப் பட்டினி வரும்னு சொன்னாங்களே. அப்படின்னா இன்னா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அது பட்டினி இல்லை, பாட்டினா, செம்பு மேல் தானாக வரும் நிறத்துக்குப் பெயர் என்று விளக்கினேன். அவள் யோசித்துவிட்டு, "நான் ஒண்ணும் குடுக்காம பட்டினி போடணும் போலன்னு நினைச்சேன் மேடம்" என்றாள். காதில் விழுந்தது தப்பு, ஆனால் செய்ய வேண்டியது அதேதான். "அப்படியே வெச்சுக்கோ, பட்டினி போடு" என்றேன். அன்றிலிருந்து அந்த பாத்ரூமுக்கு எங்கள் இருவர் வாயிலும் பட்டினி ரூம் என்றே பெயர்.

வெள்ளிக் கொலுசு வாங்கிப் போட்டால் சீக்கிரமே கறுத்துப்போகும் பகுதி அது. தோலில் மயிர் நீக்கும் தொட்டிகளிலிருந்து வருகிற காற்றில் சல்பைடு இருக்கிறது. மூக்கு உள்ளவர்களுக்கெல்லாம் தெரிந்த சங்கதிதான். வெள்ளியைக் கறுக்கவைக்கும் காற்று செம்பைக் கண்டு ஒதுங்கிப் போகுமா? சென்னையில் ஒரு வருடத்தில் வருகிற நிறம் இங்கே ஒரு மழைக்காலத்துக்குள் வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் இருந்த டவல் கம்பி காப்பிக்கொட்டை நிறம். ஷவர் அதைவிடக் கொஞ்சம் வெளிர். குழாயின் திருகு மட்டும் கைபட்டுக் கைபட்டுச் சிவப்பாகவே இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சொன்னால் நம்புவதற்கு ஆள் இல்லை.

சின்னவர் ஒருநாள் எட்டிப் பார்த்தார். முகம் சுளித்தது. "இன்னா சிஸ்டர், காயலான் கடையில வாங்குன மாதிரி ஆயிடுச்சு?"

இந்த இடத்தில் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கம்பெனி வெளிநாட்டுக்கு விற்றது என்ன சரக்கு? மரப்பட்டையில் பதப்படுத்திய தோல். பூச்சு இல்லாத தோல். ஐரோப்பாவில் அதில் கைப்பை செய்வார்கள். "கைபடக் கைபட நிறம் மாறும், அதுதான் இதோட அழகு" என்று இதே சின்னவர் ஒவ்வொரு பையரிடமும் சாம்பிள் துண்டைத் தடவித் தடவிச் சொல்வார். நான் காப்பி எடுத்துக்கொண்டு போகும்போதெல்லாம் கேட்டிருக்கிறேன். ஊரான் வாங்கும் பையில் நிறம் மாறினால் அழகு, தன் வீட்டுக் குழாயில் மாறினால் காயலான் கடை. பணம் படைத்தவர்களின் ரசனை பெரும்பாலும் இவ்வளவுதான், அதைக் கண்டு நீங்கள் மிரள வேண்டியதில்லை.

சின்னவர் முகம் சுளித்ததை மேனேஜர் பார்த்துவிட்டார். மறுநாளே புளியும் உப்பும் வந்தன. நான் வேண்டாம் என்றேன். "எங்க வீட்ல குடம் தேய்க்கலயா சிஸ்டர்? பளபளன்னு இருக்குது" என்றார். செல்வி தேய்த்தாள். குழாய் செக்கச் செவேலென்று ஆனது. மேனேஜர் அதன் முன்னால் நின்று மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அந்த வாரம் முடிவதற்குள் திட்டுத் திட்டாகக் கறுத்தது, இடுக்கில் நின்ற புளித்தண்ணீர் பச்சையாகக் கசிந்தது. மறுபடி தேய்க்கச் சொன்னார். மறுபடி கறுத்தது. வீட்டுக் குடத்தைத் தினம் தேய்க்கிறார்கள் என்பதும், தேய்ப்பது இவர் இல்லை என்பதும் கடைசிவரை அவர் மூளைக்கு எட்டவில்லை.

இந்த நேரத்தில்தான் பெரிய பையர் வருகிறார் என்று செய்தி வந்தது. அந்த வருடத்து ஆர்டரே அவர் கையில்.

அவர் வருவதற்கு முந்தின நாள் என் அக்கா மகனுக்கு வேலூரில் கல்யாணம், நான் லீவு. சாயந்திரம் செல்வி அறையைப் பூட்டிச் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டுக் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டாள். மேனேஜர் சாவியை எடுத்தார். பினிஷிங் செக்‌ஷனிலிருந்து ஸ்பிரே அடிக்கிறவரை வரவழைத்தார். உள்ளூர்க் கடைகளுக்குப் போகும் செருப்புத் தோலுக்கும் பெல்ட் தோலுக்கும் கடைசியில் மினுமினுப்புக்காக அடிக்கிறார்களே அந்த டாப் கோட்டை, புளி போட்டுத் தேய்த்த குழாய் மேல், ஈரம்கூடச் சரியாகக் காயாமல், அடிக்க வைத்தார்.

வேறு ஊரில் இந்தத் தப்பு நடக்காது. தோல் ஊரில்தான் நடக்கும். எந்தப் பொருளானாலும் கடைசியில் ஒரு கோட் அடித்தால்தான் வேலை முடிந்தது என்று இவர்களுக்கு ஒரு நம்பிக்கை. விட்டால் இட்லி மேலும் அடிப்பார்கள்.

காலையில் செல்வி வந்து, வழக்கம்போல வெந்நீர் வருகிறதா என்று திறந்து பார்த்தாள். ஆவி பட்டதும் கோட் பால்போல வெளுத்தது. கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. பயந்துபோய் மூடினாள். நான் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே வரும்போது பாத்ரூம் வாசலில் கூட்டம். சமையல்காரர், டிரைவர், கேட்டிலிருந்து ஓடிவந்த வாட்ச்மேன், நடுவில் மேனேஜர்.

"ஆசிட் ஊத்திட்டா சார்" என்று அவர் சின்னவரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு செல்வி பக்கம் திரும்பினார். "கக்கூஸுக்கு ஊத்துற ஆசிட்ட இதுல ஊத்தியிருக்க. கம்பெனி மானத்த வாங்கிட்ட. சாயந்திரத்துக்குள்ள ரூம காலி பண்ணிடு."

"நான் ஊத்தல சார். வரும்போதே பெயின்ட் வாசன அடிச்சுது" என்றாள் செல்வி.

"பெயின்டாம். யாரு அடிச்சாங்க, உங்க ஊட்டுக்காரரா?"

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ்களில் வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஆசிட் ஊற்றினவள் என்ற பெயர் மத்தியானத்துக்குள் எல்லா வீட்டு அடுப்படிக்கும் போய்விடும். அப்புறம் அவளை வாசலில்கூட நிற்க விடமாட்டார்கள்.

சின்னவர் வந்து சேர்ந்தார். பையரின் கார் காஞ்சிபுரம் தாண்டிவிட்டது என்று டிரைவருக்குத் தகவல் வந்திருந்தது. மேனேஜர் ஆசிட் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் பாத்ரூமுக்குள் போனேன். ஷவரின் வளைவில் எழும்பியிருந்த கொப்புளம் ஒன்றில் நகத்தை விட்டு இழுத்தேன். கண்ணாடித் தாள்போலத் தோல் ஒன்று நீளமாக உரிந்து வந்தது. அதைக் கொண்டுவந்து சின்னவர் உள்ளங்கையில் வைத்தேன். ஆசிட் செம்பை அரிக்கும் சார், அதுக்குச் சட்டை மாட்டிவிடாது என்று மட்டும் சொன்னேன்.

அவசரத்தில் நீங்கள் வாதாடுவீர்கள். வாதாடாதீர்கள். பொருளை எடுத்து, அந்தப் பொருள் தெரிந்தவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். சின்னவருக்குக் குழாய் தெரியாது, ரசனை தெரியாது, ஆனால் அப்பன் காலத்திலிருந்து தோலில் புரண்டவர். அந்தத் தாளை மடக்கிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"இது நம்ம டாப் கோட்டு தான?"

மேனேஜர் இருமினார். "ஒரு ப்ரொடெக்‌ஷனுக்காக சார்... பையர் வர்றாரேன்னு..."

சின்னவர் அவரைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தங்கள் ஆளைத் தாங்கள் திட்டினால் தங்கள் தேர்வைத் தாங்களே திட்டியதாகிவிடும் அல்லவா? கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப இன்னா பண்றது?"

மேனேஜருக்கு உடனே உயிர் வந்தது. பஜாரிலிருந்து வெள்ளைக் குழாய் வாங்கி மாட்டிவிடலாம் என்றார். மாட்ட டைல்ஸை உடைக்க வேண்டும், தண்ணீரை நிறுத்த வேண்டும், பையர் வந்து குளிக்கக் கேட்டால் வாளியை நீட்ட வேண்டும். நான் சொன்னேன்: கோட்டைத் தின்னர் போட்டு எடுத்துவிடுவோம், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து அப்படியே விட்டுவிடுவோம்.

"திட்டுத் திட்டா அசிங்கமா இருக்கும்ல சிஸ்டர்?"

"இருக்கும் சார். தண்ணி வரும்."

சரி என்றார். நெருக்கடியில் அழகானதையும் அசிங்கமானதையும் எடை போடாதீர்கள். ஓடுவது எது, ஓடாதது எது என்று பாருங்கள். விருந்தாளி திட்டு விழுந்த குழாயை மன்னிப்பார், வறண்ட குழாயை மன்னிக்கமாட்டார்.

எல்லோரும் கலையத் தொடங்கினார்கள். செல்வி நகரவில்லை. அவள் சின்னவரிடம் நேராகப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"சார், ஆசிட் ஊத்துனவன்னு எல்லார் எதிர்லயும் சொன்னாரு. இல்லன்னும் எல்லார் எதிர்லயும் சொல்லச் சொல்லுங்க."

சின்னவர் அவளைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். "வேலையில இரும்மா. யாரும் உன்ன போகச் சொல்லல. இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

அப்புறம் என்றால் எப்போதும் இல்லை என்று அர்த்தம். உங்களுக்கும் சொல்வார்கள், கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் அதற்குள் மேசைக்குப் பூ வந்ததா என்று விசாரிக்கப் போய்விட்டார்.

செல்வியும் நானும் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தின்னரில் நனைத்த வேஸ்ட் துணியால் துடைத்தோம். ஜன்னலைத் திறந்தால் தொட்டி நாற்றம், மூடினால் தின்னர் நாற்றம். கோட் முழுக்கப் போனது. அடியில் செம்பு பழுப்பும் சிவப்பும் கறுப்புமாக, ஒரு இடம்போல இன்னொரு இடம் இல்லாமல் நின்றது. கடைசியாகக் காய்ந்த துணியால் திருகைத் துடைக்கும்போது செல்வி, "சும்மா பட்டினி போட்டிருக்கலாம் மேடம்" என்றாள்.

பையர் வந்தார். உயரமான, அதிகம் பேசாத மனிதர். குளித்துவிட்டு ஈரத் தலையோடு சாப்பாட்டு ஹாலுக்கு வந்து உட்கார்ந்தார். சின்னவர், பாக்டரியிலிருந்து வந்த நான்கைந்து பேர், பரிமாற சமையல்காரர், சாமான் எடுத்துவர டிரைவர், தண்ணீர் ஜாடியோடு செல்வி. நான் கதவோரம் நின்றேன். மேனேஜர் பையரின் வலது கைப்பக்கம், தலையாட்டத் தோதான இடத்தில்.

பையர் பாத்ரூம் குழாயைப் பற்றி ஆரம்பித்தார். இங்கிலீஷில்தான் பேசினார், மெதுவாகப் பேசியதால் புரிந்தது. அந்த நிறம் தனக்குப் பிடித்திருக்கிறது என்றார். ஆனால் தன் நாட்டில் சிலர் அவசரத்துக்கு ஆசிட் தடவிப் பழசுபோலச் செய்து ஏமாற்றுகிறார்கள், நீங்களும் ஆசிட் போட்டீர்களா என்றார். தோலில் குறுக்குவழி பார்க்கிறவர்களா இவர்கள் என்று குழாயை வைத்து நூல் விட்டுப் பார்க்கிறார். சின்னவருக்கு அது விளங்கிவிட்டது. முகம் வெளுத்து மேனேஜரைப் பார்த்தார்.

மேனேஜர் எழுந்தே நின்றுவிட்டார். "நோ சார். நோ ஆசிட். நோ ஆசிட் சார், நெவர்." ஹால் முழுக்கக் கேட்டது. அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, ஜாடியோடு நின்ற செல்வியைக் கை நீட்டிக் காட்டினார். காலையில் நீட்டிய அதே விரல். "திஸ் லேடி ஒன்லி க்ளீனிங். வாட்டர் ஒன்லி. நோ ஆசிட்."

பையர் செல்வியைப் பார்த்துத் தலையசைத்தார். பேச்சு தோலுக்குப் போனது. மேனேஜர் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆர்டரைக் காப்பாற்றினோம் என்ற நிம்மதி அவருக்கு. தான் வேறு என்ன சொல்லிவிட்டோம் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது.

செல்விக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நோ என்பதும் ஆசிட் என்பதும் தெரியாதவர்கள் நம் தொழிலில் யார்? ஜாடியை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கெட்டியாக இருந்தது.

"நோ ஆசிட்னாரு மேடம். கேட்டீங்க தானே?"

"கேட்டேன்."

தட்டோடு வந்த சமையல்காரரை நிறுத்தினாள். "அண்ணா, நீங்க?" அவரும் கேட்டேம்மா என்றார். டிரைவரிடம் போய்க் கேட்டாள், அவரும் ஆமாம் என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினாள். எங்கே போகிறாய் என்றேன்.

"காலையில ஆசிட்னு சொன்னப்ப வாட்ச்மேன் அண்ணனும் நின்னாரு, இப்ப ஹால்ல இல்ல மேடம்" என்று சொல்லிவிட்டு கேட்டை நோக்கி நடந்தாள்.